நல்லையா பல்லைக் கடிக்கும் இடங்கள்

பதுளையிலிருந்து பசறை வழியாக எலுமிச்சந்தோட்டம் வரை போகும் தனியார் பஸ்ஸில் நல்லையா பத்தொன்பது வருடமாகக் கண்டக்டர். நடுவில் ஒரு ஆறு மாதத்தைத் தவிர அந்தப் பத்தொன்பது வருடமும் அவருக்கு டிரைவர், மனைவி சிவசக்தியின் அண்ணன் ரஜீவ். இதற்குள் பஸ் மூன்று தடவை மாறிவிட்டது. முதலாளி இரண்டு தடவை மாறிவிட்டார். பாதைக்கு ஒரு தடவை தார் போட்டார்கள். இவர்கள் இருவர் மட்டும் மாறவில்லை.

பஸ்ஸில் மணி அடிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மணி என்றால் நிற்க வேண்டும், இரண்டு மணி என்றால் போக வேண்டும். ஆனால் இந்த பஸ்ஸில் இரண்டு மணி அடித்தாலும் உடனே நகராது. ரஜீவ் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "போகவா?" என்று கேட்பார். நல்லையா, "போ, போ" என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் கியர் விழும். ரஜீவுக்குக் காது மந்தம் என்பது அந்தப் பாதையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நல்லையாவுக்கு முன்னாலேயே "போ, போ" என்று கத்திவிடுவார்கள். ஆனால் நகரத் தொடங்கிவிட்டால் ரஜீவுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. பின்னால் வருகிற பஸ் முந்துவதற்குள் அடுத்த தரிப்பிடத்தைப் பிடித்துவிடுவார்.

நல்லையாவுக்கு வலி முதலில் காதில்தான் வந்தது. சிவசக்தி நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி வலது காதில் ஊற்றினாள். காது கமகமத்தது, வலி போகவில்லை. பதுளையில் காதுக்குப் பார்க்கிற டொக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காது மிகச் சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு டவுனில் ஒருவர் இது கடைவாய்ப் பல்லின் வேலை என்று சொல்லி அதைப் பிடுங்கினார். அது நல்ல பல். பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தாடையில் சத்தம் வந்தது. ரொட்டியைக் கடித்தால் காதுக்கு முன்னால் 'டொக்' என்றது. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கொட்டாவி பாதியில் நின்றது. ஒரு நாள் காலை பசறை பஸ் நிலையத்தில் நின்று, "பதுள, பதுள, பதுள" என்று கூவிக்கொண்டிருந்தபோது மூன்றாவது பதுளையில் வாய் அப்படியே நின்றுவிட்டது. மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. ஒரு அம்மா வந்து பஸ் எங்கே போகிறது என்று கேட்டார். நல்லையா பதுளை இருக்கும் திசையைக் கையால் காட்டினார். அந்தத் திசையில் பஸ்ஸின் முன்பக்கம் இருந்ததால் அவர் புரிந்துகொண்டு ஏறினார்.

அன்றைக்கு பஸ்ஸில் மொஹிதீன் இருந்தார். தேயிலைத் தோட்டங்களுக்குத் துணி மூட்டை கொண்டுபோய் விற்கிற வியாபாரி, வாரத்தில் நான்கு நாள் இந்த பஸ்தான். நல்லையாவின் தாடை தானாக மூடிக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்க சொந்தத்துல ஒரு புள்ள பல் டொக்டர். றிஸ்னின்னு பேர். இந்தத் தாட வலியத்தான் ஏதோ கம்ப்யூட்டர வச்சுப் பாக்குதாம். போய்க் காட்டுங்க."

டொக்டர் றிஸ்னியின் கிளினிக் பதுளை டவுனில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அவர் நல்லையாவின் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். சின்ன அடிமட்டம் ஒன்றைப் பல்லுக்கு நடுவில் வைத்து அளந்தார். இருபத்து நான்கு மில்லிமீற்றர்.

"இது தாட மூட்டு. வலி இங்கதான். காதுல இருக்கிற மாதிரி தெரியும்."

"பல்லுல இல்லியா டொக்டர்?"

"பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

நல்லையா பிடுங்கிய பல்லை நினைத்துக்கொண்டார்.

டொக்டர் விளக்கினார். "இதே வலியோட பத்துப் பேர் வந்தா பத்துப் பேருக்கும் காரணம் வேற வேற. ஒருத்தர் தூக்கத்துல பல்ல நறநறப்பார். ஒருத்தருக்கு மூட்டுக்குள்ள இருக்கிற தட்டு வெலகியிருக்கும். ஒருத்தர் நாள் முழுக்க வெத்தல மெல்லுவார். பத்துப் பேருக்கும் ஒரே வைத்தியத்தக் குடுத்தா நாலு பேருக்குத்தான் சரிவரும். யாருக்கு எதுன்னு பாத்துச் சொல்லத்தான் இந்த ஏஐ. பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி நடக்குது. நீங்களும் சேரலாம்."

ஏஐ என்பதை நல்லையா கேள்விப்பட்டிருந்தார். மகள் தனுஜா போனில் பூனை ஒன்று அப்பம் சுடுகிற வீடியோவைக் காட்டி, இது ஏஐ என்று சொல்லியிருந்தாள். அப்பம் சுடும் பூனைக்கும் தன் தாடைக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் வலித்தது.

அவருடைய போனில் ஒரு செயலியை ஏற்றினார்கள். நெற்றிப்பொட்டில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு வில்லையை ஒட்டினார்கள். பல்லைக் கடித்தால் அங்கே தசை இறுகும், எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் இறுகியது என்பதை வில்லை போனுக்குச் சொல்லும், போன் அதையெல்லாம் சேர்த்துப் பார்த்து அவருக்கென்று ஒரு வைத்தியத்தைச் சொல்லும். கண்டக்டருக்குத் தொப்பி இருந்ததால் வில்லை வெளியே தெரியவில்லை.

முதலில் அந்தச் செயலி கேள்வி கேட்டது. ஒரு பெண் குரல், வானொலிச் செய்தி வாசிப்பது போலப் பேசியது. தாங்கள் அண்மைக் காலத்தில் கவலையாக உணர்ந்தீர்களா? இல்லை. அச்சமாக உணர்ந்தீர்களா? இல்லை. கோபமாக? இல்லை. நல்லையா எல்லாவற்றுக்கும் இல்லை என்ற கட்டத்தை அமுக்கினார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

பதினைந்து நாள் கழித்துப் போனபோது டொக்டர் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். அவிழ்த்துப் போட்ட கயிறு மாதிரி ஒரு கோடு, அதில் அங்கங்கே சிவப்புப் புள்ளி.

"எங்க பஸ் ரூட்டு" என்றார் நல்லையா. பாதையை எந்த வடிவத்தில் வரைந்தாலும் அவருக்குத் தெரியும்.

"சிவப்பா இருக்கிறது எல்லாம் நீங்க பல்லக் கடிக்கிற இடம்."

நல்லையா குனிந்து பார்த்தார். கோயில் வளைவு. சவுக்கு வளைவு. பாலத்தடி. குழாயடி. பதினான்கு வளைவுகள், பதினான்கிலும் சிவப்பு. வளைவில்லாத இடங்களில் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தடவை கடிப்பதாகக் கணக்குச் சொன்னது. வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஒன்பது தடவை.

"தூக்கத்துல நீங்க கடிக்கிறதே இல்ல" என்றார் டொக்டர். "அதனால ராவைக்குப் போடுற பல்லுக் கவசம் உங்களுக்கு வேணாம்னு சொல்லுது. டிரைவர் வேகமா ஓட்டுவாரா?"

"எல்லாரும் ஓட்டுற மாதிரிதான். என் மச்சான்தான்."

"உங்களுக்குப் பயமில்லியா?"

"பத்தொம்பது வருசமா அதுலதானே போறேன்" என்றார் நல்லையா. அது பதிலில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

கிடைத்த வைத்தியம் இதுதான்: காலையும் மாலையும் வெந்நீர்த் துணி ஒற்றடம். நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடி மெதுவாக வாய் திறக்கும் பயிற்சி, ஆறு தடவை. ரொட்டியைக் குழம்பில் ஊறவைத்துத் தின்ன வேண்டும். இது யாருக்கும் சொல்வது. அவருக்கென்று தனியாக ஒன்று இருந்தது. அவர் பல்லைக் கடிக்கும் இடங்களைச் செயலி படித்து வைத்திருந்தது. ஒவ்வொரு இடமும் வருவதற்குச் சற்று முன்னால் அதுவே அவரை எச்சரிக்கும்.

எப்படி எச்சரிக்கும் என்பதை மறுநாள் காலை பஸ்ஸில் இருந்த அறுபத்து மூன்று பேரும் தெரிந்துகொண்டார்கள். பஸ்ஸில் பாட்டுப் போடுவது நல்லையாவின் போனிலிருந்துதான். கோயில் வளைவுக்கு இருநூறு அடி முன்னால் பாட்டு நின்றது. ஆறு ஸ்பீக்கரிலும் அந்தப் பெண் குரல் கணீரென்று சொன்னது:

"பற்களைப் பிரித்து வையுங்கள். உதடுகள் மூடியிருக்கட்டும். தாடையைத் தளர்த்துங்கள்."

மீண்டும் பாட்டு வந்தது. இது அரசாங்கத்தின் அறிவித்தல் என்று பலர் நினைத்தார்கள். முன் சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் உடனே சொன்னபடி செய்தார். சவுக்கு வளைவில் குரல் மறுபடி வந்தபோது பாதி பஸ் பல்லைப் பிரித்து உதட்டை மூடிக்கொண்டது. பாலத்தடியில் எல்லோரும் பழகிவிட்டார்கள். நல்லையா மட்டும் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு போனை எடுக்க முடியாமல் பல்லைக் கடித்தார்.

அன்று மாலைக்குள் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் மொஹிதீன். துணி மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ரஜீவ் தம்பி, கவனிச்சீங்களா? இந்தப் பொம்பள வளைவு வந்தாத்தான் பேசுது."

ரஜீவ் கண்ணாடியில் நல்லையாவைப் பார்த்தார்.

பசறையில் பஸ் நின்றதும் அவர் இறங்கி வந்து கேட்டார். "அது என்னா மாப்புள?"

நல்லையா தொப்பியைக் கழற்றி வில்லையைக் காட்டினார். தாடை, மூட்டு, ஆராய்ச்சி என்று எல்லாவற்றையும் சொன்னார். வளைவுகளை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப நான் ஓட்டுறப்ப நீ பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிற."

"எனக்கே தெரியாது மச்சான். மெசின்தான் சொல்லுது."

"பத்தொம்பது வருசமா."

"மெசின் பதினஞ்சு நாளுதான் பாத்துச்சு" என்றார் நல்லையா. அது உதவவில்லை.

மூன்று நாள் ரஜீவ் வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டை டிரைவர் சீட்டில் முன்பக்கம் பார்த்தபடி தின்றார். செய்தி வீட்டுக்கும் போய்விட்டது. சிவசக்தி கேட்டாள்: "எங்கண்ணன் பஸ்ஸு ஓட்டுனா நீங்க பல்லக் கடிக்கிறீங்களாமே? எங்க வீட்டாளுக மேல ஒங்களுக்கு வேற என்னா கொற இருக்கு? அதையும் அந்த மெசின்ல கேட்டுட்டு வாங்க."

நல்லையா குரலை நிறுத்திவிடலாம் என்று நினைத்து டொக்டருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் இல்லாமல் காதுக்கு மட்டும் கேட்கும் கருவி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்றார் டொக்டர். அது ஒரு காதை அடைத்துவிடும், பயணிகள் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்வது கேட்காது. நல்லையா வேண்டாம் என்றார். பஸ்ஸில் ஒருவருக்குக் காது மந்தமாக இருப்பது போதும் என்று அவருக்குப் பட்டது.

நான்காம் நாள் ரஜீவே ஒரு முடிவுக்கு வந்தார். யாரிடமும் சொல்லாமல் மெதுவாக ஓட்டத் தொடங்கினார். செயலி ஒவ்வொரு வளைவிலும் வில்லையைக் கவனித்து, நல்லையா மூன்று நாள் தொடர்ந்து கடிக்காமல் விட்ட இடத்தில் பேசுவதை நிறுத்திக்கொள்ளும். இதை ரஜீவ் எப்படியோ புரிந்துகொண்டார். அந்தப் பெண்ணின் வாயை அடைப்பது அவருக்கு ஒரு வைராக்கியமாகிவிட்டது. கோயில் வளைவில் கியரைக் குறைத்து, ஹோர்ன் அடித்து, எதிரே வருகிற வண்டிக்கு வழிவிட்டுப் போனார். இரண்டாவது வாரம் அங்கே குரல் வரவில்லை. ரஜீவ் கண்ணாடியில் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

பஸ் பசறைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனது. பஸ் நிலையத்தில் நேரம் பார்ப்பவர் திட்டினார். பின்னால் வருகிற பஸ் தினமும் பாலத்தடியில் முந்திப் போனது. ஆனால் வாந்தி எடுக்கிற பயணிகள், கர்ப்பிணிகள், முட்டைத் தட்டு கொண்டு போகிறவர்கள் எல்லோரும் முந்திப் போன பஸ்ஸை விட்டுவிட்டு இதற்காக நின்றார்கள். முட்டை வியாபாரி ஒருவர் ரஜீவுக்கு ஒரு தட்டு முட்டை கொடுத்தார். ரஜீவ் அதில் பாதியைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அதோடு பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கியது.

இரண்டு மாதத்தில் கடி இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. டொக்டர் அடிமட்டத்தை வைத்து அளந்தார். முப்பத்தைந்து மில்லிமீற்றர். நல்லையாவுக்கு மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்க முடிந்தது. 'டொக்' சத்தம் இருந்தது, வலி பெரும்பாலும் இல்லை.

"ஒரு இடந்தான் மிச்சம்" என்றார் டொக்டர்.

திரையில் கயிறு முழுக்கப் பச்சையாகியிருந்தது. ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. குழாயடி.

"இங்க பஸ் மெதுவா போகலியா?"

"இங்க பஸ் நிக்கும் டொக்டர். வளைவுலயே தரிப்பிடம்."

"நிக்கிற பஸ்ல ஏன் பல்லக் கடிக்கிறீங்க?"

செயலி எழுதியிருந்ததை டொக்டர் வாசித்தார்: இவ்விடத்திற்குப் பொருத்தமான பயிற்சி கண்டறியப்படவில்லை. வைத்தியரை அணுகவும்.

"நான்தான் வைத்தியர்" என்றார் றிஸ்னி. "அந்த இடத்துல என்ன இருக்கு?"

"தண்ணிக் குழாய்."

"வேற?"

"வேற ஒன்னுமில்ல."

வில்லை அப்போது நெற்றிப்பொட்டில்தான் இருந்தது. திரையின் மூலையில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்த கோடு அவர் அதைச் சொன்னதும் செங்குத்தாக எழுந்து, அப்படியே நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள். டொக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி. அடுத்த மாசம் வாங்க" என்றார்.

குழாயடியில் இருந்தது இதுதான். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். வேலாயி என்ற கொழுந்து பறிக்கிற பெண் அங்கே பஸ் ஏறினாள். ஒரு கால்தான் மிதிபலகையில் இருந்தது. பின்னால் இன்னொரு பஸ் வருவதைப் பார்த்த நல்லையா இரண்டு மணி அடித்தார். அந்த நாட்களில் ரஜீவ் "போகவா?" என்றெல்லாம் கேட்கமாட்டார், மணி விழுந்ததும் பஸ்ஸை எடுத்துவிடுவார். எடுத்தார். வேலாயி பின்பக்கமாகப் பாதையில் விழுந்தாள். இடது முழங்கை நொறுங்கியது.

பொலிஸ்காரர் வந்து முதலில் கேட்டது நல்லையாவிடம். எத்தனை மணி அடித்தாய்? ஒன்று என்றது நல்லையாவின் வாய். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் எழுதிவிட்டார்கள். எழுதியதை அவர் நீதிமன்றத்திலும் சொன்னார். ரஜீவ் இரண்டு மணி கேட்டதாகச் சொன்னார். நீதவான் ரஜீவைப் பார்த்து, உமக்குக் காது சரியாகக் கேட்குமா என்று கேட்டார். லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தினார்கள். அந்த ஆறு மாதமும் ரஜீவ் பசறைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கினார். திரும்பி வந்த முதல் நாளிலிருந்து, "போகவா?" என்று கேட்கத் தொடங்கினார். தன் காதில் ஒரு மணி இரண்டாக விழுகிறது என்று அவர் நம்பினார். நீதிமன்றமே சொல்லிவிட்டது, தங்கச்சி புருஷன் வேறு பொய் சொல்வானா?

கிளினிக்கிலிருந்து வந்த பிறகு நல்லையா நான்கு நாள் பொறுத்தார். அந்த நான்கு நாளும் குழாயடியில் பஸ் நிற்கும், பாட்டு நிற்கும், பற்களைப் பிரித்து வையுங்கள் என்று ஆறு ஸ்பீக்கரும் சொல்லும். ரஜீவ் ஒவ்வொரு தடவையும், நிற்கிற வண்டியை இன்னும் எப்படி மெதுவாக்குவது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் நாள் மத்தியானம். பசறையில் பஸ் காலியாக நின்றது. இருவரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்கள்.

"மச்சான். அன்னைக்குக் குழாயடியில நான் ரெண்டு மணி அடிச்சேன்."

"எந்த அன்னைக்கு?"

"வேலாயிக்கா விழுந்த அன்னைக்கு."

ரஜீவின் கையில் பிசைந்த சோறு இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"பொலிசுல ஒன்னுன்னு சொன்ன."

"ஆமா."

"கோர்ட்டுலயும் ஒன்னுன்னுதான் சொன்ன."

"ஆமா."

"நான் ரெண்டுன்னு சொன்னேன்."

"ஆமா மச்சான்."

"ஏன்டா?"

"மொதல்ல கேட்டப்ப வாயில ஒன்னுன்னு வந்துருச்சு. வந்த பொறவு மாத்த முடியல."

பக்கத்தில் நின்ற பஸ் கிளம்பிப் போனது. ரஜீவ் கையில் இருந்த சோற்றைப் பொட்டலத்தில் போட்டார்.

"பதினோரு வருசமா காதுக்கு மருந்து ஊத்துறேன்" என்றார்.

"தெரியும்."

"ரெண்டு தடவ பதுளைக்குப் போய் டெஸ்ட்டும் பண்ணுனேன். நல்லா கேக்குதுன்னு சொன்னாங்க. அவங்க மெசினு பழுதுன்னு நெனச்சேன்."

நல்லையா குனிந்திருந்தார்.

"அப்ப என் காது நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார் ரஜீவ். பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு இறங்கி, பஸ் நிலையத்தைத் தாண்டிச் சந்தைப் பக்கமாக நடந்து போய்விட்டார்.

புறப்படும் நேரம் வந்தது. ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் இல்லை. நேரம் பார்ப்பவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நல்லையா படியில் நின்றார். வேறு டிரைவரைத் தேட வேண்டும் என்றோ, முதலாளிக்குப் போன் செய்ய வேண்டும் என்றோ அவருக்குத் தோன்றவில்லை. ஆறு நிமிடம் கழித்து ரஜீவ் வந்தார். முகம் கழுவியிருந்தார். ஏறி உட்கார்ந்து இஞ்சினைப் போட்டார்.

நல்லையா இரண்டு மணி அடித்தார். பஸ் உடனே நகர்ந்தது. "போ, போ" என்று கத்துவதற்கு வாயைத் திறந்து வைத்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். அடுத்த தரிப்பிடத்திலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். எலுமிச்சந்தோட்டம் போய்ச் சேரும் வரை ரஜீவ் ஒரு தடவையும் பின்னால் பார்க்கவில்லை. நல்லையா மணி அடிக்கும் முன் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் எல்லோருடைய கால்களையும் பார்த்தார். இரண்டு இரண்டாக எண்ணினார்.

சிவசக்தியிடம் அவரே சொன்னார். அவள் தட்டில் சோற்றை வைத்தாள், கறியை வைக்கவில்லை. மூன்று வாரம் நல்லையா கறியைத் தானே போட்டுக்கொண்டார்.

ரஜீவ் திட்டவில்லை, அடிக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மெசின் இல்லாட்டி சொல்லியிருப்பியா?" நல்லையா நிறைய நேரம் யோசித்துவிட்டு, "இல்ல" என்றார். ரஜீவ் தலையை ஆட்டினார். அந்தப் பதிலில் அவருக்கு ஏதோ திருப்தி இருந்தது போலத் தெரிந்தது. "சரி. ஞாயித்துக்கிழம வேலாயிக்கா வீட்டுக்குப் போறோம்" என்றார்.

வேலாயிக்கு இப்போது அறுபத்தாறு வயது. வேலையிலிருந்து நின்றுவிட்டாள். குழாயடிக்கு மேலே உள்ள லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. இடது கை முழங்கைக்குக் கீழே மடங்கியபடியேதான் இருக்கும். இருவரும் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து அவள் எழுந்திருக்கவில்லை.

நல்லையா நின்றுகொண்டே சொன்னார். மணி, பொலிஸ், கோர்ட் எல்லாவற்றையும் சொன்னார். மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

வேலாயி ரஜீவைப் பார்த்தாள். "அப்ப நீ எடுக்கலியா?"

"நான்தான் எடுத்தேன்க்கா. மணி விழுந்துச்சு, எடுத்தேன்."

"மணிய அடிச்சது இவன்."

"ஆமா."

வேலாயி சுவரில் இருந்த சாமிப் படத்தைப் பார்த்தாள். "இந்தப் பதினோரு வருசமா வெளக்கேத்துறப்ப எல்லாம் ஒன் பேரச் சொல்லித்தான்டா திட்டிக்கிட்டு இருக்கேன், ரஜீவு. ஒரு நாள் விட்டதில்ல."

"பரவால்லக்கா" என்றார் ரஜீவ்.

"என்னா பரவால்ல? ஒன் மகளுக்கு ரெண்டு தடவ கல்யாணம் தட்டிப்போச்சுல்ல? அது நான்தான்." பிறகு நல்லையாவின் பக்கம் திரும்பினாள். "நீ வந்து சொல்லிட்டேன்னு என் கை நீளுமா?"

"நீளாதுக்கா."

"மன்னிக்கிறதுக்கெல்லாம் எனக்கு வராது. நாளையிலேர்ந்து திட்டுற பேர மாத்திக்கிறேன். அவ்வளவுதான் என்னால முடியும். ரெண்டு பேரும் உக்காருங்க, டீ ஊத்துறேன்."

அவள் ஒரு கையால் டீ ஊற்றினாள். உதவிக்கு எழுந்த நல்லையாவை உட்காரச் சொன்னாள். மூவரும் சீனி இல்லாத பிளேன்டீ குடித்தார்கள், மழை வருமா என்று பேசினார்கள். வரும் என்று வேலாயி சொன்னாள்.

அடுத்த மாதம் கிளினிக்கில் டொக்டர் றிஸ்னி திரையைப் பார்த்தார். குழாயடிப் புள்ளி சிவப்பிலிருந்து மஞ்சளாகியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பேசினேன் என்றார் நல்லையா. யாரிடம் என்று டொக்டர் கேட்கவில்லை. செய்த வைத்தியத்தைப் பதிவதற்குச் செயலியில் ஒற்றடம், பயிற்சி, கவசம், மருந்து என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ஐந்தாவதாக ஏனையவை என்று ஒன்று இருந்தது. டொக்டர் அதில் அடையாளமிட்டார்.

ஆராய்ச்சி முடிந்து வில்லையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பஸ்ஸில் இப்போது பாட்டு நடுவில் நிற்பதில்லை. ஓய்வுபெற்ற கங்காணி மட்டும், அந்தம்மா ஏன் பேசுவதில்லை என்று இரண்டு தடவை கேட்டார். ரஜீவ் இன்னமும் மெதுவாகத்தான் ஓட்டுகிறார், ஏனென்று கேட்டால் முட்டைக்காரர்களுக்காக என்கிறார். அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகும் நாட்களில் வேலாயி குழாயடியில் ஏறுவாள். நல்லையா இறங்கி அவள் பையை வாங்கிக்கொண்டு, அவள் சீட்டில் உட்காரும் வரை நின்று, பிறகு இரண்டு மணி அடிப்பார். காலையில் விளக்கேற்றினாளா என்று அவர் கேட்பதில்லை.